பூட்டிய வீட்டில் வீடியோ கேம்

எங்கள் அப்பாவுக்கு இரண்டு விஷயங்களில் அசையாத நம்பிக்கை இருந்தது. ஒன்று அரசாங்க உத்தியோகம். இன்னொன்று, வீடியோ கேம் போட்டால் டி.வி.யின் பிக்சர் டியூப் போய்விடும் என்பது. எந்த வீட்டில், யாருடைய டியூப் போயிற்று என்று கேட்டால் பதில் வராது. ஆனால் அவர் ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். என் வகுப்பில் இருந்த பிள்ளைகளின் அப்பாக்களும், தமிழரோ கன்னடரோ, அப்படியேதான் சொன்னார்கள். எங்கள் கலர் டி.வி. முன்னறையில் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தத் துணியை எடுப்பதும் அப்பாதான், திரும்பப் போர்த்துவதும் அப்பாதான்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் என் மாமா, அம்மாவின் தம்பி, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்து ஒன்றிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டியை வாங்கி வந்து என் மடியில் வைத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொருள் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். டி.வி. பக்கம் அது போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். பொங்கலுக்கு வாங்கிய பட்டுப்பாவாடையைத் தீபாவளி வரை பீரோவில் வைத்த மாதிரி அது அலமாரியில் கிடந்தது.

மாமா எங்களோடுதான் தங்கியிருந்தார். ராஜாஜிநகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாத காலம், அதனால் அவர் சொல்வதையெல்லாம் நாங்கள் நம்பினோம். ஒருநாள் மாலை, சென்டரில் கழித்துப் போட்ட மானிட்டர் ஒன்றைக் கோணிப்பையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். கறுப்புத் திரை, அதில் பச்சையாக மட்டும்தான் எழுத்து வரும். அதன் முதுகில் ஒரு வட்டத் துளை இருந்தது. கேம் பெட்டியிலிருந்து வந்த இரண்டு ஒயர்களில் மஞ்சள் தலை உள்ளது அந்தத் துளைக்குள் அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டார். டாங்கிகள் வந்தன, செங்கல் சுவர்கள் வந்தன, எல்லாமே பச்சை. கலர் இல்லையா என்று கேட்டேன். பச்சையும் கலர்தானே என்றார் மாமா. அதில் எனக்குப் பிழை ஒன்றும் தெரியவில்லை.

சத்தம்தான் வரவில்லை. இன்னொரு ஒயரின் சிவப்புத் தலைக்கு மானிட்டரில் இடமே கிடையாது. எழுத்து பார்க்கச் செய்த பெட்டிக்கு ஸ்பீக்கர் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. டாங்கி சுட்டது, சுவர் இடிந்தது, எல்லாம் ஊமைப் படமாக நடந்தது.

அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவன் மாடிவீட்டு மஞ்சு. வீட்டுக்காரர் குடும்பம் மேலே, நாங்கள் கீழே. வீட்டுக்கார அங்கிளுக்கு ஷிமோகா பக்கம் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்றபடி மாடியில் ஆன்ட்டியும், அப்போதுதான் பத்தாவது முடித்துப் பி.யூ.சி. சேர்ந்திருந்த அவள் மகன் மஞ்சுவும்தான். மஞ்சு தினமும் சாயங்காலம் பின்பக்கப் படியில் இறங்கி வந்து என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்காருவான். நான் விளையாட, அவன் வாயால் சத்தம் போடுவான். குண்டுக்கு ஒரு சத்தம், சுவர் இடிந்தால் ஒரு சத்தம், நான் செத்துப்போனால் ஒரு சோகப் பாட்டு. வயசுக்கு வரும் குரல் என்பதால் பாட்டு நடுவில் உடைந்து கீச்சென்று போகும். நான் சிரித்துச் சிரித்து அடுத்த ஆட்டத்திலும் சாவேன்.

அந்த வருஷம், தொண்ணூற்றொன்றின் கடைசியில், காவிரித் தண்ணீருக்காக ஊர் பற்றிக்கொண்டது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடம் லீவு என்பது மட்டும்தான். அப்பா ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காக ஓசூர் போயிருந்தார். பஸ்கள் நின்றுவிட்டன. எல்லையில் அத்திபெலேயைத் தாண்டி இந்தப் பக்கம் ஒரு வண்டியும் வரவில்லை என்று மாடிவீட்டுப் போனுக்குத் தகவல் சொன்னார். எங்கள் ஊரிலேயே ஒக்கலிபுரத்தில் என் பெரியம்மா இருந்தாள். அங்கே தெருவெல்லாம் நம் ஜனங்கள், எப்படியாவது வந்துவிடு என்று அவளும் போன் செய்தாள். அம்மா பையை எடுத்து வைத்துவிட்டாள். ஆன்ட்டிதான் தடுத்தாள். வழியில் வண்டிகளை நிறுத்தி ஆட்களை இறக்கிக் கன்னடம் பேசச் சொல்கிறார்கள் என்றும், ரோட்டில் போவதைவிட வீட்டுக்குள் இருப்பதே மேல் என்றும் சொன்னாள்.

பிறகு அவள் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. முதலில் வாசலில் இருந்த அப்பாவின் பெயர்ப்பலகையைக் கழற்றினாள். உள்ளே வந்து, சுவரில் தொங்கிய தமிழ் தினசரிக் காலண்டரை ஆணியோடு பிடுங்கினாள். மாமாவின் வாரப் பத்திரிகைகள் அரிசி டிரம்முக்குள் போயின. எல்லாம் முடிந்ததும் எங்களை உள்ளே நிற்க வைத்து, முன்கதவை வெளியிலிருந்து சாத்தி, தன் வீட்டுப் பெரிய பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கீழ்வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று தெருவில் சொல்லிவிட்டாள். பின்கதவு வழியாகக் காலையில் பாலும், செய்தியும் தருவாள்.

ஆளில்லாத வீட்டில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். அதற்கென்று சட்டங்கள் இருந்தன. முன்னறைக்குப் போகக்கூடாது. குழாயைச் சொட்டுச் சொட்டாகத்தான் திறக்க வேண்டும். குக்கர் கூவிவிடும் என்று அம்மா சோற்றைப் பானையில் வடித்தாள். தாளித்தால் வாசனை போகும், கடுகும் வெடிக்கும். அதனால் ரசம் தாளிக்காமலே வந்தது. ஊரில் கலவரம் என்பதை மாமா அந்த ரசத்தைக் குடித்தபோதுதான் முழுசாக ஒத்துக்கொண்டார். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்ள வேண்டும். எனக்கோ, செய்யாதே என்று சொன்ன நாளிலிருந்துதான் தும்மலே வந்தது.

மஞ்சு இறங்கி வரவில்லை. பால் கொண்டுவரும்போது ஆன்ட்டியிடம் கேட்பேன். மேலே படித்துக்கொண்டிருக்கிறான் என்பாள், என் முகத்தைப் பார்க்காமல். கலாட்டா நேரத்தில்கூட ஒருத்தன் இப்படிப் படிக்கிறானே என்று எனக்குக் கோபம் வந்தது.

அவன் இல்லாமல் அந்த விளையாட்டு சப்பென்று இருந்தது. உள்ளறை ஜன்னலைச் சாத்தி, கம்பளியைத் தொங்கவிட்டு, பச்சை வெளிச்சத்தில் நான் சத்தமில்லாமல் சுட்டு, சத்தமில்லாமல் செத்தேன். மாமாவிடம் முணுமுணுத்தேன். நாள் முழுக்க முணுமுணுப்பதற்கு எனக்கு வேறு வேலையும் இல்லை. சத்தம் வேண்டும், சத்தம் வந்தால்தான் சாப்பிடுவேன் என்ற இடத்தில் போய் நின்றேன். மாமாவுக்கும் பொழுது போகவில்லை. அவர் கண் அலமாரி மேலிருந்த டூ-இன்-ஒன் மேல் விழுந்தது. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த அந்தப் பெட்டியின் முதுகில், வெளியிலிருந்து பாட்டை உள்ளே வாங்கிக்கொள்ள ஒரு துளை இருந்தது. ஐந்து ஓட்டைகள் உள்ள துளை. சிவப்புத் தலை அதற்குள் போகாது.

"டேய், வாசல்ல பூட்டு தொங்குது. உள்ள பேயாடா வெளையாடுது?" என்றாள் அம்மா.

மாமா தன்னுடைய இயர்போனை எடுத்துக் காட்டினார். ஒற்றைக் காதுக்கானது, சதை நிறத்தில் இருக்கும். அதை டூ-இன்-ஒன்னில் செருகினால் ஸ்பீக்கர் தானாக அடங்கிவிடும், சத்தம் காதுக்குள் மட்டும்தான் கேட்கும் என்று விளக்கினார். கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. சிவப்புத் தலையை வெட்டி எறிந்தார். ஒயரின் தோலைப் பல்லால் உரித்தார். உள்ளே இருந்த இரண்டு கம்பிகளை, எந்த ஓட்டைக்கு எது என்று யோசித்து யோசித்துப் பற்றவைத்தார். சால்டரிங் புகை வெளியே போகாமல் இருக்க அம்மா முறத்தால் அதை வீட்டுக்குள்ளேயே விசிறிக்கொண்டிருந்தாள். புகைக்கு அது புரியவில்லை, எங்கள் மூவரின் மூக்கிலும் ஏறியது. நாங்கள் மூன்று பேரும் தலையணையைத் தேடி ஓடினோம்.

முதலில் வெறும் இரைச்சல் வந்தது. கம்பியை மாற்றிப் பிடித்ததும், எங்கோ பக்கத்து ஊரில் வாசிப்பதுபோல் மெல்லிசாக கேமின் பாட்டு வந்தது. கேம் பெட்டியிலிருந்து வரும் சத்தத்துக்கு வலு போதவில்லை என்று சொல்லி மாமா வால்யூமைக் கடைசி வரை திருகினார். அப்போதுதான் காதில் சரியாகக் கேட்டது. அம்மா நம்பவில்லை. முன்னறை வாசல்படியில் போய் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒன்றுமில்லை. திரும்பி வந்து, இயர்போனை என் காதிலிருந்து எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தாள். சண்டை தொடங்குவதற்கு முன் வரும் அந்தக் குட்டி இசை முடியும் வரை அப்படியே நின்றாள். பூட்டு விழுந்ததிலிருந்து அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அப்போதுதான்.

ஒரு காது, இரண்டு ஆட்கள். அதனால் முறை வைத்துக்கொண்டோம். ஒரு ஆட்டம் நான் சத்தத்தோடு விளையாடுவேன், அடுத்த ஆட்டம் நான் விளையாட, மாமா சத்தத்தைக் கேட்பார். வெறும் சத்தத்தைக் கேட்டு அவருக்கு என்ன கிடைத்தது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, கச்சேரி கேட்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

மறுநாள் மத்தியானம் அவர் முறை நடந்துகொண்டிருந்தபோதுதான் அவர்கள் வந்தார்கள்.

அம்மா சமையலறையில் இருந்தாள். தூரத்துக் கோஷம் எங்களுக்குப் பழகிவிட்டிருந்தது, பெரிய ரோட்டில் வரும், போகும். அன்றைக்கு அது எங்கள் தெருவுக்குள் திரும்பியது. எங்கோ கண்ணாடி உடைந்தது. அதற்கப்புறம் கோஷம் நின்று பேச்சாக மாறியது. கோஷம் போட்டுக்கொண்டு போகிறவர்கள் போய்விடுவார்கள், பேசிக்கொண்டு நிற்பவர்கள் எதையோ தேடுகிறார்கள் என்பது அம்மாவுக்குப் புரிந்திருக்கிறது. எங்கள் வீட்டு கேட் கீச்சிட்டது. அவள் வெறுங்காலோடு உள்ளறைக்கு வந்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் காதில் முழு வால்யூமில் டாங்கிச் சண்டை. வீட்டிலேயே கவனமாகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டிய ஆம்பளைக்கு ஊரில் நடந்த எதுவும் கேட்கவில்லை.

அம்மா வாயைத் திறக்க முடியாமல் அவர் தோளைத் தொட்டாள்.

கண்ணை மூடியிருந்த மாமா பாம்பை மிதித்தவர்போல் துள்ளி எழுந்தார். ஒயர் அவரோடு எழுந்தது. டூ-இன்-ஒன்னிலிருந்து இயர்போன் முனை பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

அந்த வீடு முழுவதும் துப்பாக்கிச் சத்தம் நிறைந்தது. அத்தனை நாள் ஊமையாகக் கிடந்த விளையாட்டு, கடைசி வரை திருகிய வால்யூமில், இரண்டு ஸ்பீக்கரிலும் வெடித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மறைப்பானேன். படமும் சத்தமும் சேர்ந்து இப்படி வாய்விட்டு வருவது அதுதான் முதல் தடவை. நான் பட்டனை இன்னும் வேகமாக அழுத்தினேன். மாமா இயர்போனைத் திரும்பச் செருகப் பார்த்தார், அவசரத்தில் பக்கத்துத் துளையில் செருகினார். அம்மாதான் சுவரோரம் பாய்ந்து சுவிட்சைத் தட்டினாள். அதற்குள் என் டாங்கி செத்து, சாவுக்கு வரும் அந்த அசட்டுப் பாட்டும் பாதி வந்துவிட்டது.

தெருவில் பேச்சு நின்றுவிட்டது. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் போலீஸ் சுடுகிறது என்று நினைத்திருப்பார்கள், நாலு பேர் ஓடும் காலடியும் கேட்டது. பாட்டு வந்ததும்தான் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கும். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து.

"ஒளகே யாரோ இதாரே" என்றான் ஒருத்தன், உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று.

பூட்டைப் பிடித்து ஆட்டினார்கள். கதவில் ஒரு உதை விழுந்தது. முன்னறையில் டி.வி. மேலிருந்த ஏதோ ஒன்று சரிந்து விழுந்தது. அம்மா என்னைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்து, உள்ளங்கையால் என் வாயை மூடினாள். கையில் இஞ்சி வாசனை. மாமா கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். அது நேற்றே ஆறிப்போன சால்டரிங் இரும்பு. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. மாமா அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

தலைக்கு மேலே பால்கனிக் கதவு திறந்தது. ஆன்ட்டியின் கொலுசு கேட்டது, பிறகு அவள் குரல். கன்னடத்தில்தான் எல்லாம், எங்களுக்கோ தமிழும் கன்னடமும் ஒன்றுதான். யார் நீங்கள், என் வீட்டுக் கதவை எதற்கு உதைக்கிறீர்கள் என்று கேட்டாள். கீழே இருந்தவன், இங்கே தமிழர்கள் இருக்கிறார்களாமே என்றான். இருந்தார்கள், பூட்டிக்கொண்டு ஊருக்கு ஓடிவிட்டார்கள், இப்போது வீடு என்னுடையது என்றாள். அப்படியானால் உள்ளே சத்தம் போட்டது யார்?

ஆன்ட்டியின் கொலுசு பால்கனியின் ஓரம் வரை வந்து நின்றது. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள் போலிருந்தது. பிறகு சொன்னாள். உள்ளே இருப்பது என் மகன். இந்தக் கலாட்டாவுக்குப் போகாதே என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன், கேட்கிற வழியாக இல்லை. அதனால் நானே உள்ளே தள்ளி வெளியே பூட்டு போட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஊரில் இல்லை, எனக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னொருத்தன் சிரிக்கவில்லை, எங்கே அவனைக் கூப்பிடு பார்க்கலாம் என்றான்.

ஆன்ட்டி கூப்பிட்டாள். அந்தக் குரலில் கோபம் இருந்தது, அதற்கு அடியில் கெஞ்சலும் இருந்தது.

"ஏ மஞ்சா... சாக்கு. நில்ஸோ."

போதும், நிறுத்து என்றாள். மாமா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்க்க முயன்றேன், தலையைத் திருப்ப முடியவில்லை. அவள் கை என் வாயிலிருந்து எடுபடவே இல்லை. மாமாதான் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் கூரையைப் பார்த்தேன். பெற்ற அம்மாவின் கைக்குள் நின்றுகொண்டு, மாடியில் இருந்தவளுக்குப் பதில் சொன்னேன்.

"ஆய்த்தம்மா."

சரிம்மா என்று அர்த்தம். ஒன்பது வயதுப் பெண்பிள்ளையின் குரலுக்கும் அந்த வயதுப் பையனின் குரலுக்கும் கதவுக்கு வெளியே வித்தியாசம் தெரியாது. வந்தவர்களும் எங்கள் தெருக்காரர்கள் இல்லை, அவள் மகனுக்கு என்ன வயது என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் யாரும் நகரவில்லை. பூட்டின் மேல் இருந்த கை இன்னும் அங்கேயே இருந்தது, பூட்டு சின்னதாகக் கிலுகிலுத்துக்கொண்டிருந்தது. அம்மா என் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பன்ரோ... ஹோகோணா."

வாங்கடா போகலாம் என்ற அந்த இரண்டே வார்த்தையும் நடுவில் உடைந்து கீச்சென்று போயிற்று. எங்கோ கேட்ட குரல் மாதிரி இருந்தது எனக்கு. மாமாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைவிட்ட பூட்டு கதவில் மோதித் தொங்கியது. காலடிகள் கேட்டைத் தாண்டின. போகிற போக்கில் யாரோ ஒரு கல்லை எறிந்தார்கள், அது சுவரில் பட்டு விழுந்தது. கோஷம் மறுபடி தொடங்கி, தெருமுனையில் திரும்பித் தேய்ந்து போயிற்று.

மாமா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அம்மா அழுதாள், சட்டப்படி சத்தமில்லாமல். எனக்கு ஒரே பெருமை. நான்தான் எல்லோரையும் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் ஆன்ட்டி பின்கதவு வழியாக வந்தாள். அவள் முகம் வீங்கியிருந்தது. என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். பாராட்டுவாள் என்று நான் காத்திருந்தால், அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். ஆபத்துதான் போய்விட்டதே, இப்போது எதற்கு அழுகை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஊர் அடங்கிப் பூட்டைத் திறந்த பிறகு மஞ்சுவைப் பின்பக்கப் படியில் பார்த்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓடிப்போய், ஒரு நிமிஷம் நான் நீயாக இருந்தேன், உனக்குத் தெரியுமா என்று கன்னடத்தில் கேட்டேன். முழுக்கதையையும் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கேளிஸ்து" என்றான். கேட்டது என்று.

மாடியில் படித்துக்கொண்டிருந்தவனுக்குக் கேட்டிருக்கும்தான். நல்லவேளை நீ மேலே வாயை மூடிக்கொண்டு இருந்தாய், இருமியிருந்தாலும் நாங்கள் தொலைந்தோம் என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன். அவன் எழுந்து மேலே போய்விட்டான். பரீட்சையில் தேறமாட்டான் போலிருக்கிறது, அதுதான் இவ்வளவு கவலை என்று நான் முடிவுகட்டினேன்.

அப்பா ஒருவழியாக வந்து சேர்ந்தார். அவர் என்னைத் தூக்கிக்கொண்டார், மாமாவைத் தோளில் தட்டினார், பிறகு பழக்க தோஷத்தில் டி.வி.யின் பின்பக்கத்தைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். மாமா அன்றைக்கும் சிரிக்கவில்லை. இனி இந்தப் பக்கம் வேண்டாம், ஒக்கலிபுரத்துக்கே போய்விடலாம் என்று பேசி முடித்தார்கள்.

சாமான் ஏற்ற லாரி வந்த அன்று மஞ்சு இறங்கி வந்தான். யாரும் கூப்பிடவில்லை. பீரோவுக்கு ஒரு கை கொடுத்தான், மானிட்டரைத் தனியாகவே தோளில் தூக்கிப் போய்க் கோணியில் சுற்றி மூலையில் வைத்தான். எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கேம் பெட்டி மட்டும் என் கையில் இருந்தது. அம்மா என்னிடம் வந்து அதை வாங்கினாள். நான் பத்திரமாக வைக்கத்தான் கேட்கிறாள் என்று கொடுத்தேன். அவள் நேராக மஞ்சுவிடம் போய் நீட்டினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினான். அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்து, பெட்டியை வைத்து, விரல்களை அதன் மேல் மூடினாள். அவன் கண் நிறைந்துவிட்டது. பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆன்ட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "அவன் என்ன செஞ்சான்னு அவனுக்குக் குடுக்கற?"

"செஞ்சான். ஏறு" என்றாள் அம்மா.

இப்போது எனக்கும் பதினாறு வயதில் ஒரு மகன் இருக்கிறான். சொல்லாமல் வெளியே போனால், அவன் தலை தெரியும் வரை பால்கனியில் நிற்பது என் வழக்கம். அப்படி நின்ற ஒரு சாயங்காலம்தான், மாடியில் நிற்பவளுக்குத் தெரு முழுவதும் தெரியும் என்பது எனக்கு உறைத்தது. அன்றைக்கு ஆன்ட்டி கூப்பிட்ட மஞ்சு அவள் கண்ணெதிரே கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தான். போதும் நிறுத்து என்று அவள் சொன்னது அவனிடம். அவன் பெயரில் உள்ளேயிருந்து நான் பதில் சொன்னதையும் கேட்டுக்கொண்டு நின்றவன், பிறகு தன் பதிலைச் சொன்னான். அந்த உடைந்த குரலை அம்மாவும் மாமாவும் கேட்ட கணமே அடையாளம் கண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டை அந்தக் கூட்டத்துக்குக் காட்டியது யார் என்று மட்டும் அம்மா கடைசி வரை யாரையும் கேட்கவில்லை.

அன்றைக்கு இதில் ஒன்றும் தெரியாமல், லாரியில் மானிட்டரைக் கட்டிக்கொண்டு, ஒக்கலிபுரம் போய்ச் சேரும் வரை நான் அழுதேன். எல்லாச் சத்தத்தையும் வாயாலேயே போடத் தெரிந்தவனுக்கு என் கேம் எதற்கு என்று.